பூட்டு அறைக்கா, அலமாரிக்கா?

குன்னூரில் நான் போகும் ஜிம்மில் கிளாஸ் நடக்கும் தனி அறை, அதாவது ஸ்டுடியோ, ஒன்றே ஒன்றுதான். முப்பதடிக்கு இருபதடி. மரத்தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும், சன்னலோரம் ஆறு ஸ்பின் சைக்கிள். காலை 6 முதல் 7 வரை யோகா, 7.15 முதல் 8 வரை ஏரோபிக்ஸ். மாலை 5.30க்கு பாட்டுக்கு ஆடிச் செய்யும் ஜும்பா ஒரு மணி நேரம், 6.45க்கு இன்னொரு கிளாஸ் முக்கால் மணி நேரம். ஜிம் திறந்திருப்பதோ காலையில் ஐந்தரை மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம். கணக்குப் போட்டால் பத்தரை மணி நேரத்தில் கிளாஸ் நடப்பது மூன்றரை மணி நேரம். மீதி ஏழு மணி நேரமும் அந்த அறைக்குப் பூட்டு. நாங்கள் கட்டும் சந்தாவில் அந்த அறையின் வாடகையும் இருக்கிறது.

இது ரொம்ப நாளாக எல்லோருக்கும் உள்ளுக்குள் இருந்த குறைதான். போன ஐப்பசியில் ஒரு மாலை அது வெளியே வந்துவிட்டது. ஜும்பா மாஸ்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து வருபவர். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது, கிளாஸ் கேன்சல். மழையில் நனைந்து வந்த ஒன்பது பெண்கள் கதவுக்கு வெளியே நிற்கிறோம். உள்ளே காலி அறை. சாவி ரிசப்ஷன் தம்பியின் மேசை டிராயரில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே கிடக்கிறது. “கிளாஸ் இல்லக்கா, அதனால ரூமும் இல்ல” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குச் சொல்லியிருப்பது அவ்வளவுதான்.

மறுநாள் உரிமையாளர் அண்ணனிடம் பஞ்சாயத்து போனது. அவர் கோபப்படவில்லை. “நீங்களே சொல்லுங்க, எப்படி வெச்சா சரியா இருக்கும்? சும்மா திறந்து விடுன்னு மட்டும் சொல்லாதீங்க” என்றார். தேயிலை ஏல புரோக்கர் அலுவலகத்தில் இருபது வருடமாகச் சாம்பிள்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டு எழுதுபவள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. நான் முன்பு போன கோயம்புத்தூர், சென்னை ஜிம்களையும், கோத்தகிரியில் தோழி போகும் ஜிம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். சமவெளியில் இது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஜிம்மில் இடம் இல்லையென்றால் மாநகராட்சிப் பூங்காவில் நாலு சுற்று நடக்கலாம், மொட்டை மாடியில் பாய் விரிக்கலாம். இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தால், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். கிழக்குச் சரிவில் இருப்பதால் குன்னூருக்கு அதுதான் கனமழை. மழை இல்லாத நாளில் மூடுபனி. மூடுபனியும் இல்லாத விடியலில் காட்டெருமை. தெருவிளக்குக்குக் கீழே கரிய பாறை மாதிரி நிற்கும், பக்கத்தில் போன பிறகுதான் அதற்குக் கொம்பு இருப்பது தெரியும். முட்டிவலிக்குப் பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொன்னதெல்லாம் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்குகிற பயிற்சிகள். மார்கழியில் எங்கள் வீட்டு சிமெண்டுத் தரையில் அதைச் செய்தால் முட்டிக்கு முன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும். கூரையும் மரத்தரையும் உள்ள ஒரு காலி இடம் இந்த ஊரில் சாதாரண வசதி இல்லை.

இனி பூட்டு. கோயம்புத்தூரில் நான் இரண்டு வருடம் போன ஜிம்மில் கிளாஸ் முடிந்த ஐந்தாவது நிமிடம் ஸ்டுடியோவைப் பூட்டிவிடுவார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஸ்டுடியோவின் மரத்தரை வீட்டுத் தரை மாதிரி கெட்டியானதில்லை. அடியில் சட்டமும் ரப்பரும் வைத்து, குதித்தால் இம்மி அளவு அமுங்குகிற மாதிரி போடுவார்கள், முட்டியைக் காப்பாற்ற. அதன்மேல் ஒரு பத்து கிலோ டம்பெல்லை ஒருமுறை நழுவவிட்டால் விழும் பள்ளம் விழுந்ததுதான். அடுத்தது ஸ்பீக்கர். யாராவது எல்லாக் குமிழையும் திருகி வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த கிளாஸில் மாஸ்டர் முதல் ஐந்து நிமிடம் மைக்கோடு மல்லுக்கட்டுவார்.

எல்லாவற்றையும்விட ஸ்பின் சைக்கிள். பார்த்தால் சாதாரண எக்சர்சைஸ் சைக்கிள் போலத்தான் இருக்கும். ஆனால் முன்னால் உள்ள சக்கரம் பதினைந்து இருபது கிலோ எடை, பெடலோடு நேரடியாகப் பிணைந்தது. சாலையில் ஓட்டும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நின்றுவிடும், சக்கரம் மட்டும் ஓடும். இதில் அப்படி இல்லை. காலை எடுத்தாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும், நிறுத்தவேண்டுமென்றால் நடுவில் இருக்கும் குமிழை அழுத்த வேண்டும். இது தெரியாத ஒருவர் கோயம்புத்தூரில் வேகமாக மிதித்துக்கொண்டிருக்கும்போதே இறங்கப் பார்த்து, பெடல் திரும்பி வந்து கணுக்காலுக்கு மேலே எலும்பில் அடித்தது. கிளாஸ் நேரமாக இருந்தால் மாஸ்டர் முதல் நாளே அந்தக் குமிழைக் காட்டியிருப்பார். ஆக, ஸ்பின் சைக்கிளைப் பொறுத்தவரை பூட்டு சரி. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

ஆனால் பூட்டினால் பொருள் பத்திரம் என்பது சமவெளிக் கணக்கு. ஆடி மாதத்தில் எங்கள் ஸ்டுடியோவின் மூலையில் சுருட்டி வைத்திருந்த யோகா மேட் ஒன்றை விரித்தேன். உள்பக்கம் பூராவும் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. நனைந்த கோணியின் வாடை. சன்னலோரம் மரப்பலகை ஈரத்தைக் குடித்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, வெறுங்காலோடு நடந்தால் தட்டும். பதினைந்து பேர் ஒரு மணி நேரம் வியர்த்துவிட்டுப் போக, அந்த ஈரமூச்சோடு சன்னலைச் சாத்தி அறையைப் பூட்டினால் வேறென்ன ஆகும்? இந்த ஊரில் மூடி வைத்த அரிசியே புழுங்கிவிடும். பகலில் நாலு பேர் வந்து போகிற அறையில் சன்னலாவது திறக்கும். கிளாஸ் கேன்சல் ஆன அன்று எங்களை வெளியே நிறுத்தியதைவிட, அந்தத் தரையை அவர்களே கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பூட்டுக்கு எதிராக நான் அண்ணனிடம் வைத்த வாதம். உடனே வேலை செய்தது.

அதற்கு நேரெதிர் கோத்தகிரி. தோழியின் ஜிம்மில் ஸ்டுடியோவுக்குக் கதவு இருக்கிறது, சாத்துவதில்லை. கிளாஸ் இல்லாத நேரத்தில் யாரும் போகலாம், எதையும் எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல்லும், பளு ஏற்றும் இரும்புத் தட்டுகளும் மெல்ல மெல்ல ஸ்டுடியோவுக்குக் குடிவந்துவிட்டன. வெளியே கூட்டம், உள்ளே கண்ணாடி, பையன்கள் வேறெங்கே போவார்கள்? ஒரு மூலையில் செல்போன் ஸ்டாண்டு வைத்து ரீல்ஸ். இன்னொரு மூலையில் வேறு பாட்டு. கிளாஸ் ஆரம்பிக்கும் நேரத்தில் இரண்டு பேர் “ஒரே ஒரு செட், மேடம்” என்று தரையில் கிடப்பார்கள். செம்மண் ஒட்டிய ஷூவோடு நடந்த தடத்தில் அடுத்த கிளாஸ்காரர்கள் நெற்றியை வைத்து நமஸ்காரம் செய்ய வேண்டும்.

அதுவும்கூடச் சமாளிக்கக்கூடியதுதான். உண்மையான சிக்கல் வேறு. அங்கே ஒரு பெண்மணி, நல்ல மனசுக்காரர், தான் கற்ற சூரிய நமஸ்காரத்தைக் காலி நேரத்தில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். காசு ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு நாலாகி, நாலு எட்டானது. யோகா டீச்சரின் கிளாஸில் தலை குறைந்தது. டீச்சருக்குச் சம்பளம் தலைக்கு இவ்வளவு என்று. ஒரு மாதம் கழித்து அவர் கணக்குப் பார்த்துவிட்டு அழுதாராம். யாரைக் குற்றம் சொல்வது? சொல்லிக்கொடுத்தவர் திருடவில்லை. கற்றுக்கொண்டவர்கள் சந்தா கட்டியவர்கள். உரிமையாளர் “உறுப்பினர் உறுப்பினருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது” என்று ஒரு தாள் ஒட்டினார். அன்றிலிருந்து மாமியாரின் முதுகைப் பிடித்து நிமிர்த்துகிற மருமகளைக்கூட ரிசப்ஷனில் முறைத்துப் பார்க்கிறார்களாம்.

வெளி மாஸ்டர்கள் தங்கள் சொந்த ஆட்களைச் சந்தா கட்டவைத்துக் கூட்டிவந்து, காலி ஸ்டுடியோவில் தனியாகக் காசு வாங்கிப் பயிற்சி கொடுப்பது வேறு விஷயம். அது தெரிந்தே செய்வது, அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் கோத்தகிரிக் கதையில் தவறு விதியில் இல்லை, சம்பளம் கொடுத்த முறையில் இருந்தது என்பது என் கட்சி. டீச்சருக்கு மாதச் சம்பளம் என்று வைத்திருந்தால், காலி நேரத்தில் எட்டுப் பேர் குனிந்து நிமிர்வதைப் பார்த்து அவரே போய்த் திருத்திவிட்டு வந்திருப்பார். ஸ்டுடியோவைத் திறந்துவிட நினைக்கிற எந்த ஜிம்மும் முதலில் மாஸ்டர்களின் சம்பளத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் சாவியை.

திறந்த கதவின் நல்ல பக்கத்தையும் அதே தோழிதான் சொன்னாள். பளு தூக்கும் பகுதி முழுக்க ஆண்கள். யாரும் தப்பாகப் பார்க்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சின்ன ஊர். எதிரில் பெஞ்ச் பிரஸ் போடுபவர் மகனின் கணக்கு வாத்தியாராக இருப்பார், பக்கத்தில் நிற்பவர் பால் ஊற்றுபவராக இருப்பார். அவர்கள் முன்னால் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழ நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் கூச்சம் வராதா? காலி ஸ்டுடியோ கிடைத்ததும் அவள் முதன்முறையாகக் கண்ணாடியில் தன்னை நிமிர்ந்து பார்த்துப் பயிற்சி செய்தாளாம். நானும் அதைத்தான் கேட்கிறேன். கிளாஸில் மாஸ்டர் எண்ணுகிற வேகத்துக்கு என் முட்டி வராது. கிளாஸும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், இருபது நிமிடம் தரை வேண்டும் என்கிறவர்கள் எல்லா ஜிம்மிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

இன்னொரு கூட்டமும் அப்படித்தான். அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர் எங்களோடு இருக்கிறார். ஒரு வாரம் காலை கிளாஸ் கிடைக்கும், அடுத்த வாரம் காலை, மாலை இரண்டுமே கிடைக்காது. முழுச் சந்தா கட்டுகிறார்.

சென்னையில் ஆறு மாதம் இருந்தபோது பார்த்தது முன்பதிவு முறை. போனில் செயலி, அதில் அரை மணி நேரக் கட்டங்கள், வேண்டியதைத் தொட்டால் அறை நமக்கு. பெரிய ஜிம், நிறைய ஸ்டுடியோ, நூற்றுக்கணக்கில் ஆட்கள் என்றால் வேறு வழியில்லை. நம்ம ஊர் புத்தி அதிலும் புகுந்துவிட்டதுதான் வேடிக்கை. வருவோமோ மாட்டோமோ என்று நாலு கட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. செயலியில் எல்லாம் நிறைந்திருக்கும், எட்டிப் பார்த்தால் அறை காலி. பத்து நிமிடம் தாமதமானால் பதிவு ரத்து என்று விதி கொண்டுவந்தார்கள், அது சென்னைக்குச் சரி. இங்கே மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும்போது பஸ் நிலையத்திலிருந்து ஜிம் இருக்கும் பெட்ஃபோர்டு வருவதற்குள் பத்து நிமிடம் என்ன, முழுக் கட்டமே போய்விடும். உபதலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் தாமதத்துக்கு அவரா பொறுப்பு? எங்களைப் போன்ற சின்ன ஜிம்முக்குச் செயலி தேவையில்லை. பேர் எழுத ஒரு நோட்டும் கயிறு கட்டிய பேனாவும் போதும்.

நாலாவதாக ஒரு யோசனையை எங்கள் காலை யோகா அண்ணன்மார்கள் சிலர் வைத்தார்கள். நம்பகமான மூத்த உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் இருக்கும்போது அறை திறந்திருக்கட்டும். எனக்கு இதில் இரண்டு சங்கடம். சாவி கைக்கு வந்தவர் ஒரு மாதத்தில் குட்டி முதலாளி ஆகிவிடுவார். எந்தப் பாட்டு, எந்த விளக்கு, யார் எங்கே நிற்பது என்று ஆரம்பிக்கும். (கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.) இரண்டாவது, உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது யார்? காசு வாங்கிச் சேவை கொடுப்பவர் ஜிம்காரர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அங்கே நிற்க வேண்டியவரும் அவர்தான். சாவியைக் கைமாற்றினால் பொறுப்பும் கைமாறிவிடாது. அண்ணனுக்கும் இது புரிந்தது, யோசனை அங்கேயே நின்றது.

காலி நேரத்தில் திரையில் பதிவுசெய்த கிளாஸை ஓடவிடுவதும் ஒரு வழி. நியூசிலாந்தின் லெஸ் மில்ஸ் போன்றவர்கள் அதற்கென்றே கிளாஸ்களைத் தயாரித்து உரிமம் கொடுக்கிறார்கள். பெரிய நகரத்துக்குப் பொருந்தும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் புரொஜெக்டரும் உரிமக் கட்டணமும் போட்டு என்ன பிரயோசனம்? தள்ளிவிட்டேன்.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இதுதான். பூட்டு அறைக்கு வேண்டாம், பொருளுக்குப் போடுங்கள். தரை எங்களுக்கு, சாமான் உங்களுக்கு. ஆம்ப்ளிஃபையரும் மைக்கும் ஒரு இரும்பு அலமாரிக்குள் போகட்டும். ஸ்பின் சைக்கிள் ஆறையும் சக்கரம் வழியாகக் கேபிள் விட்டுச் சேர்த்துப் பூட்டலாம். யோகா மேட்டுகள் அலமாரிக்கு வெளியே, சுருட்டாமல் கம்பியில் தொங்கட்டும், காற்றாவது படும். மூன்று கிலோவுக்கு மேல் எந்த இரும்பும் மரத்தரைக்கு வரக்கூடாது. ஷூவை வாசலில் விடவேண்டும். அவரவர் பாட்டு அவரவர் காதுக்குள்.

நேரத்தையும் முழுசாகக் கேட்கவில்லை. காலை 8.15 முதல் 11 வரை, மாலை 4 முதல் 5.15 வரை, இரவு 7.45 முதல் 8.45 வரை. மொத்தம் ஐந்து மணி நேரம். மீதி இரண்டு மணி நேரம் துடைக்க, காய, மாஸ்டர் தயாராக. கிளாஸுக்குக் கால் மணி முன்னால் அறை காலியாகிவிட வேண்டும், அதில் “ஒரே ஒரு செட்” செல்லாது. கிளாஸ் கேன்சல் ஆனால் அந்த நேரம் தானாகத் திறந்த நேரமாகிவிடும், யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். சொல்லிக்கொடுக்கலாம், காசு வாங்கக் கூடாது. யோகா டீச்சருக்கு மாதச் சம்பளம். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஒரு வாரம் கழித்து ஒப்புக்கொண்டார்.

சீசனில் ஒரு நாள் பாஸ் வாங்கி வரும் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் இந்தத் திறந்த நேரம் கிடையாது என்று எழுதினேன். ஓரவஞ்சனை என்று ஒரு தம்பி கேட்டான். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் நாற்பது பர்பி (குந்தி, தரையில் நீண்டு, எழுந்து குதிக்கும் பயிற்சி) போடுகிறவர் நேற்றிரவு வந்து இறங்கி இன்று காலை ஆளில்லாத அறையில் அதே நாற்பதைப் போட்டால் இருபதிலேயே தலை சுற்றும். கிளாஸில் செய்தால் மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

அதிகம் இழுத்தது கேமரா விஷயம். தனியாக ஒருவர் உள்ளே இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் தெரியவேண்டுமே என்று அண்ணன் கேமரா வைக்க நினைத்தார். நியாயமான கவலைதான். ஆனால் கேமரா வைத்தால் கூச்சத்துக்குப் பயந்து ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் முதல் நாளே போய்விடுவார்கள். கண்ணாடிக் கதவில் மேல் பாதியைத் தெளிவாக விட்டு, கீழ்ப் பாதிக்கு மட்டும் மங்கல் தாள் ஒட்டச் சொன்னேன். தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே தரை தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை தம்பி வந்து கதவருகே நின்று கீழே பார்த்தால், யாராவது கிடந்தால் தெரியும். தரையிலிருந்து கை எட்டும் உயரத்தில் ஒரு காலிங் பெல்லும் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் வழக்கம்போல ஆள் நிற்கும் உயரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி வரச்சொல்லி இறக்க வேண்டியிருந்தது.

தை மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கார்டைட் ஷிஃப்ட்காரர் காலை ஒன்பது மணிக்கு வந்து சன்னலைத் திறந்துவிட்டுத்தான் மற்ற வேலை. நோட்டில் பேனா இரண்டு முறை காணாமல் போனது. ஒரு நாள் கேபிளைப் பூட்ட மறந்து இரண்டு பையன்கள் ஸ்பின் சைக்கிளில் ஏறிவிட்டார்கள், தம்பி ஓடிப்போய் இறக்கினான். அலமாரிக்கு இரண்டு சாவி வந்தது. ஒன்று ரிசப்ஷனில். ஜும்பா மாஸ்டர் வர முடியாத நாளில் பாட்டாவது போட்டுக்கொள்ள இரண்டாவது சாவி எங்களிடம் இருக்கட்டும் என்கிறார்கள் அந்த ஒன்பது பெண்கள். குட்டி முதலாளி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். இப்போது அவர்கள் அந்தச் சாவியை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.